சேர்மன் நாற்காலியில் யார்?

அத்தியாயம் 4

அந்தச் சனிக்கிழமை முதலில் திருடு போனது ஆடு அல்ல. ஜெரோட்டிச் மேடத்தின் கையிலிருந்த மண்டாசி.

எண்ணெயில் பொரித்து எடுத்து இன்னும் சூடு ஆறாத கோதுமைப் பலகாரம். முட்டிண்டா கழிப்பறைப் பக்கம் போன நேரம் பார்த்து ஒரு கிழட்டு ஆண் பபூன் குரங்கு மரத்திலிருந்து இறங்கியது. விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி நிதானமாக மேசையருகே வந்து, மேடத்தின் விரல்களுக்கு நோகாமல் மண்டாசியை உருவிக்கொண்டது. முட்டிண்டா திரும்பி வந்ததுதான் தாமதம், ஒரே பாய்ச்சலில் மரத்தின் உச்சிக்குப் போய்விட்டது.

"நைரோபியில உங்க பேரைச் சொன்னா ஜேப்படிக்காரன் தெருவை மாத்திப் போறான். இங்க ஒரு குரங்கு உங்க காலைச் சாப்பாட்டையே வாங்கிட்டுப் போகுது, மேடம்," என்றான் முட்டிண்டா.

"நீ வந்ததும் ஏன் ஓடிச்சு?"

"என் அழகைத் தாங்க முடியல."

"நேத்து சாயங்காலமும் இப்படித்தான். நீ இருந்தா வராது, நீ நகர்ந்தா வருது," என்று சொல்லிவிட்டு, ஜெரோட்டிச் அடுத்த மண்டாசியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

போலீஸ் உத்தியோகத்தை விட்டுவிட்டு ஒரு டயர் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவர் ஜெரோட்டிச். கலென்ஜின் ஜனங்கள் என்றாலே ஓட்டப்பந்தயக்காரர்கள் என்று நினைக்கிற நாட்டில், அந்த ஜனத்தில் பிறந்தும் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத ஒரே பெண்மணி. எந்த அவசரத்துக்கும் உட்கார்ந்தே பதில் சொல்வார். முட்டிண்டா அவருடைய உதவியாளன். முன்பு மினிபஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். வாயை மூடினால் வண்டி நின்றுவிடும் என்கிற பயம் அவனுக்கு இன்னும் போகவில்லை.

இரண்டு நாள் எந்த வழக்கும் கிடையாது என்று சத்தியம் செய்து கொடுத்துத்தான் மேடம் அவனை ஒல்கெரி வனவிலங்குப் பூங்காவுக்குக் கூட்டிவந்திருந்தார். அவன் வந்தது சிங்கம் பார்க்க அல்ல. பக்கத்துக் கூடாரக்காரர்கள் ஆடு வாட்டப் போகிறார்கள் என்பது நேற்று மாலையே அவன் மூக்குக்குத் தெரிந்துவிட்டது.

அவர்கள் நைரோபியின் கிரீன் கிரவுன் குடியிருப்புக்காரர்கள். பெயரில் மட்டும் பச்சை உள்ள இடம் அது. வருடம் ஒரு முறை சங்கத்து ஆட்கள் எல்லாரும் இங்கே வந்து முகாம் போடுவார்கள். சனிக்கிழமை மாலை, இருட்டுவதற்குள் கையைத் தூக்கி அடுத்த சேர்மனைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஆட்டின் மேல் பாய்வார்கள். ஆடு வாட்டுவது ஆண்பிள்ளை வேலை. ஒரு பெண் இடுக்கியைத் தொட்டால் நெருப்பே கோபித்துக்கொள்ளும் என்கிற மாதிரி பார்ப்பார்கள். நன்றாக ஆடு வாட்டுகிறவன் கையில் குடியிருப்பையும் ஒப்படைக்கலாம் என்பது கிரீன் கிரவுன் ஜனங்களின் அரசியல் கொள்கை. அந்தக் கொள்கையின் பலனை வருடா வருடம் அனுபவித்து வந்தவர் சேர்மன் முகாம்பி.

நேற்று மாலை அவரே முட்டிண்டாவை விருந்துக்கு அழைத்தார். கினிக்கோழி இறகு செருகிய அகலத் தொப்பி, உடம்பெல்லாம் பையாக ஒரு காக்கிக் கோட்டு. "தம்பி, நம்ம ஆடு மத்தவங்க ஆடு மாதிரி இல்ல. மேருப் பக்கம் எங்கப்பா தோட்டத்துக் காப்பித்தூளையும் தேனையும் கலந்து தடவி ஊற வெச்சிருக்கேன். கென்யா முழுக்கத் தேடினாலும் இந்தப் பக்குவம் கிடைக்காது."

முட்டிண்டா ஆடு இருந்த பெட்டியைப் பரிதாபமாகப் பார்த்தான். இந்த நாட்டில் காப்பி விளையும், கப்பலேறும். ஜனங்கள் குடிப்பது டீ. ஆட்டுக்கு வேண்டியது உப்பும் நெருப்பும், அதற்கு மேல் ஒன்று தடவினால் அது ஆட்டுக்குச் செய்கிற துரோகம். இருந்தாலும் ஓசி விருந்தில் ஆட்சேபம் எழுப்புகிற ஆள் அவனில்லை.

"இந்த வருஷம் ஒரு விதி," என்று முகாம்பி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற லாட்ஜுல யாரும் ரூம் போடக்கூடாது. கூடாரத்துல படுக்க பயப்படறவன் தலைவனாகவும் முடியாது, நல்ல தொண்டனாகவும் முடியாது."

எல்லாரும் கை தட்டினார்கள். தண்ணீர்த் தொட்டி மதியமே வறண்டிருந்தது, எல்லார் முகத்திலும் புழுதி அப்பியிருந்தது. ஆனாலும் தட்டினார்கள்.

சனிக்கிழமை காலை மண்டாசியைத் தின்று முடித்து மேடமும் முட்டிண்டாவும் தங்கள் பழைய காரில் விலங்குகள் பார்க்கப் போய்விட்டு வெயில் ஏறித் திரும்பியபோது, முகாம் சந்தைக்கடையாக இருந்தது.

நடுவில் முகாம்பி நின்றிருந்தார். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கீறல்கள். இரண்டு மூன்று பேர் அவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க எல்லாரும் விடியக்காலையில வண்டி ஏறிப் போனீங்க. தலைவன்னா காவல் காக்கணும்னு நான் மட்டும் இந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். என் சம்சாரம் தலைவலின்னு கூடாரத்துக்குள்ள படுத்திருந்தா. அந்தக் கிழட்டுக் குரங்கு நேரா என் முன்னாடி வந்துச்சு. பல்லைக் காட்டிச்சு. நான் பின்வாங்கல. கையைப் பிறாண்டிச்சு, அப்பவும் விடல. கடைசியில ஆடு இருந்த பெட்டியோட புதருக்குள்ள இழுத்துட்டுப் போயிடுச்சு."

"சேர்மன், உயிர்தான் முக்கியம்," என்று யாரோ தழுதழுத்தார்கள். பக்கத்திலேயே இன்னொருவர், இந்த மாதிரித் தலைவர் இருக்கும்போது தேர்தல் எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வருடத் தண்ணீர்க் கட்டணத்தைப் பற்றி அதுவரை அவரை எதிர்த்தவர்கள்கூட மருந்துப் பஞ்சு தேடினார்கள்.

முட்டிண்டா ஆட்டை நினைத்து மனதார வருந்தினான். வருந்திக்கொண்டே பார்த்ததில் இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன, ஆனால் மூளைக்குப் போகவில்லை. முகாம்பியின் முகம் புதுப் பாத்திரம் போல மழமழவென்று சவரம் செய்து பளபளத்தது. அவருக்குப் பின்னால் டீ ஊற்றிக்கொண்டிருந்த மனைவி கவிராவின் முகத்திலோ பாதி நெற்றிக்கு மேல் சுத்தம், அதற்குக் கீழே புழுதி. கோடு போட்டுப் பிரித்த மாதிரி இருந்தது. அந்த அம்மா வாய் திறந்து பேசி கிரீன் கிரவுனில் யாரும் கேட்டதில்லையாம்.

"அம்மா, நீங்க துப்பறியறவங்களாமே, உங்களோட கொஞ்சம் பேசணும்."

பின்னால் நின்றது பூங்காவின் ரேஞ்சர் நாசேரியன். இளம் பெண். தோளில் துப்பாக்கி, கண்ணில் கலக்கம்.

"சேர்மன் எங்க பூங்கா வார்டனுக்குப் போன் போட்டுட்டார். மனுஷனைத் தாக்கின மிருகத்தை விட்டுவைக்கக் கூடாதுன்னு இங்க விதி. பொழுது சாயறதுக்குள்ள சுட்டுடச் சொல்லி உத்தரவு. நான்தான் சுடணும்."

"அந்தக் குரங்கையா?" என்றான் முட்டிண்டா.

"அவனை நாங்க சீஃப்னு கூப்பிடுவோம். எங்க ஊர் சீஃப் மாதிரியே கூப்பிடாத எல்லா விசேஷத்துக்கும் வருவான், நல்ல துண்டை எடுத்துட்டுப் போவான்." அவள் சிரிக்க முயன்று முடியாமல் நிறுத்தினாள். "நான் வேலைக்கு வந்த நாள்லேருந்து அவனைப் பார்க்கறேன். ஒருத்தர் மேலயும் நகம் பட்டதில்ல. நான் இதுவரைக்கும் எந்த மிருகத்தையும் சுட்டதில்லம்மா. முதல்ல இவனையா சுடணும்?"

ஜெரோட்டிச் தன் மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்துவிட்டால் வழக்கை ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம்.

"மேடம், சத்தியம்?" என்றான் முட்டிண்டா.

"மனுஷங்க வழக்கு எடுக்கமாட்டேன்னுதான் சொன்னேன்."

"கட்சிக்காரர் ஃபீஸ் குடுப்பாரா?"

"காலையிலேயே ஒரு மண்டாசி எடுத்துட்டான். நாமதான் அவனுக்குப் பாக்கி."

முகாமின் வாசலில் காவலுக்கு நின்ற பராசாவை முதலில் கூப்பிட்டார்கள். நீள மனிதர், பார்த்ததை அப்படியே சொல்வதைத் தவிர வேறு தெரியாதவர்.

"சேர்மன் காலையில நாற்காலியை விட்டு எழுந்தாரா?" என்று கேட்டார் ஜெரோட்டிச்.

"எழலம்மா. இங்கேருந்து பார்த்தா தொப்பியும் கோட்டும் நல்லாத் தெரியும். நான் கை ஆட்டினேன், அவரும் ஆட்டினார். தைரியசாலி. குரங்குங்க மேசையைச் சுத்தி உட்கார்ந்து ரொட்டி தின்னுட்டிருந்துது. மனுஷன் அசையவே இல்லை."

"குரங்கு தாக்கினதைப் பார்த்தீங்களா?"

"அப்ப நான் டீ போட உள்ள போயிருந்தேன்."

பராசா போனதும் ஜெரோட்டிச் ஒரு ரொட்டித் துண்டை மேசையில் வைத்தார். "முட்டிண்டா, நீ இங்க உட்காரு. நான் காருக்குள்ள இருக்கேன்."

முட்டிண்டா உட்கார்ந்தான். மரத்திலிருந்து சீஃப் ரொட்டியைப் பார்த்தது, அவனைப் பார்த்தது, ரொட்டிக்காக ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது. இறங்கவில்லை. தன் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு குறட்டை விடுகிற மாதிரி நடித்துப் பார்த்தான். அப்போதும் இறங்கவில்லை. எழுந்து காரருகே வந்தான்.

"என் மேல அவருக்கு நம்பிக்கை இல்ல மேடம்."

"உன் மேல மட்டும் இல்ல. அப்ப காலையில அந்த நாற்காலியில இருந்தது முகாம்பி இல்ல."

"பொம்மை. போர்வையைச் சுருட்டி, தொப்பியை மாட்டி வெச்சுட்டார்."

"பொம்மை கை ஆட்டுமா?"

முட்டிண்டா யோசித்தான். பதில் கிடைக்காத இடங்களில் அவன் வழக்கமாகச் செய்வதுபோல் கேள்வியை மாற்றினான். "அப்ப சேர்மன் எங்க போனார்?"

"நேத்து மதியத்திலேருந்து இங்க தொட்டியில சொட்டுத் தண்ணி இல்ல. என் மூஞ்சியைப் பாரு, உன் மூஞ்சியைப் பாரு. அவர் மூஞ்சியைப் பார்த்தியா? வெந்நீர்ல குளிச்சு, கண்ணாடி முன்னாடி நின்னு சவரம் பண்ணின மூஞ்சி அது."

கூடாரங்களுக்குப் பின்னால் முள்மரங்களுக்கு நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை ஆற்றுத் தொங்குபாலத்துக்குப் போகிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் லாட்ஜ். வாசலில் நிற்கும் பராசாவின் கண்ணுக்கு அந்தப் பாதை படாது.

"இந்த முள்ளு கையில பட்டா என்ன ஆகும்?" என்று கேட்டபடியே முட்டிண்டா அந்தப் பாதையில் நடந்தான். உடனே விடையும் கிடைத்தது. முழங்கையைப் பார்த்துக்கொண்டான். "மேடம், நானும் இப்ப குரங்கோட சண்டை போட்ட வீரன்."

"முள்ளுக்கும் நகத்துக்கும் வித்தியாசம் சொல்ல நான் டாக்டர் இல்ல. நட."

லாட்ஜில் மதியச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. பஸ் நிறைய வந்திறங்கிய வெள்ளைக்காரர்கள், உடம்பெல்லாம் காக்கி உடுத்தி, முகாம் வாழ்க்கையின் கஷ்டங்களைப் பற்றி வெள்ளை மேசை விரிப்பின் முன்னால் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜெரோட்டிச் ஒரு மேசையில் உட்கார்ந்து டீ கேட்டார். விசாரணை என்றால் முதலில் சூழ்நிலையை அறிய வேண்டும் என்று சொல்லிவிட்டு முட்டிண்டா தட்டோடு கிளம்பினான். திரும்பி வந்தபோது தட்டில் சுகுமாக் கீரை ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. மிச்ச இடமெல்லாம் ஆடு.

"இந்த இடத்துக்கு வந்ததே புண்ணியம்," என்று ஒரு விலா எலும்பைக் கடித்தான். மென்றான். முகம் கோணியது. "இருந்தாலும் இந்த ஓட்டல்காரங்களுக்கு ஆட்டோட அருமை தெரியாது. எதையோ கருப்பா தடவியிருக்கான். முதல்ல இனிக்குது, அப்புறம் கசக்குது. வெள்ளைக்காரனுக்குப் பிடிக்கும்னு கண்டதையும்..."

ஜெரோட்டிச்சின் டீக்கோப்பை உதட்டருகே நின்றுவிட்டது.

முட்டிண்டாவும் மெல்லுவதை நிறுத்தினான். வாய்க்குள் இருப்பது என்ன என்று அவன் நாக்குக்கு இப்போதுதான் புரிந்தது. மேருத் தோட்டத்துக் காப்பி. தேன். கென்யா முழுக்கத் தேடினாலும் கிடைக்காத பக்குவம்.

"மேடம்," என்றான் மெதுவாக. "நான் சாட்சிப் பொருளைத் தின்னுட்டேன்."

"முழுங்கிடு. எலும்பை மட்டும் பத்திரமா வை."

சமையலறைக்குப் பின்னால் தலைமைச் சமையற்காரர் புகைபிடித்துக்கொண்டிருந்தார். ஜெரோட்டிச் ஒரே கேள்விதான் கேட்டார். "முகாம்பி ஆட்டை எப்பக் குடுத்தார்?"

"நேத்து ராத்திரி ரூம் போட வந்தப்ப," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, சமையற்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்புறம், சொன்னது சொன்னதுதான் என்று பாக்கியையும் கொட்டினார். "வருஷா வருஷம் நான்தான் வாட்டித் தருவேன். அவருக்கு நெருப்புன்னா பயம். எங்க பையன் இன்னிக்குக் காலையில தெரியாம அதையும் துண்டு போட்டு மதியச் சாப்பாட்டுல கலந்துட்டான். இப்ப அந்த பஸ்ஸுக்காரங்க தின்னுட்டிருக்கறது அதைத்தான். காலையிலேயே விஷயத்தைச் சொன்னேன், சேர்மன் அழுதுட்டார்."

"இதை எங்க முகாம்ல வந்து சொல்லுவீங்களா?"

"விருந்தாளி விஷயத்தை வெளியே சொன்னா என் வேலை போயிடும்மா. கேட்டா, ஆடுன்னா என்னன்னே தெரியாதுன்னு சொல்லிடுவேன்."

பாலத்தைக் கடக்கும்போது முட்டிண்டா எலும்பைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தான். வெற்றிக் களிப்பு வரவேண்டிய நேரம், வரவில்லை. மரத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கிழட்டு உயிர் பொழுது சாயும்போது சாகப் போவது, தான் சப்பிய இந்த எலும்புக்காக. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"வார்டன்கிட்ட இந்த எலும்பைக் காட்டினா?"

"ஊர்ல ஆடா இல்ல? லாட்ஜுக்காரன் என் பக்குவத்தைத் திருடிட்டான்னு முகாம்பி சொல்லுவார். கைதட்டுவாங்க. வேண்டியது மனுஷ சாட்சி. அது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. ஆனா வாயே திறக்காது."

முகாமில் நாற்காலிகள் வட்டமாகப் போட்டாகிவிட்டது. வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. நாசேரியன் சீஃப் இருந்த மரத்துக்குக் கொஞ்ச தூரத்தில் துப்பாக்கியோடு நின்று, வார்டன் மனம் மாறி ஒரு போன் செய்வார் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகாம்பி பேசிக்கொண்டிருந்தார்.

"...ஆடு போச்சு. அதுக்காக நான் வருத்தப்படல. குரங்குக்கு முன்னாடி தலை குனியாதவன், தண்ணி லாரிக்காரனுக்கு முன்னாடி குனிவானா?"

பலத்த கைதட்டல். ஜெரோட்டிச் தன் மடக்கு நாற்காலியோடு வட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தார்.

"சேர்மன், உங்க வீரத்தை நாங்க பார்க்கல. வெளியூர்க்காரங்க. எங்களுக்காக ஒரு தடவை செஞ்சு காட்டுங்களேன். அதே நாற்காலி, அதே தொப்பி, அதே கோட்டு. மேசையில ரொட்டி. நாங்க எல்லாரும் வண்டிகளுக்குப் பின்னாடி போயிடறோம். குரங்கு வரட்டும். பாயறப்ப ரேஞ்சர் சுடட்டும்."

இலவச வேடிக்கையை வேண்டாம் என்று சொல்கிற கூட்டம் உலகத்தில் இல்லை. முகாம்பி மறுக்க வாயெடுப்பதற்குள் எல்லாரும் வண்டிகளுக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் உட்கார்ந்தார். தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

சீஃப் ரொட்டியைப் பார்த்தது. முகாம்பியைப் பார்த்தது. இன்னும் இரண்டு கிளை மேலே ஏறிப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது.

"குற்றவாளி இல்லையா, வெட்கம்," என்றார் முகாம்பி. "என் கண்ணைப் பார்க்கவே அதுக்கு முடியல."

கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். குரங்குக்கும் மனசாட்சி உண்டு என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் உருகினார். முட்டிண்டாவுக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"சரி. இப்ப அதே தொப்பியையும் கோட்டையும் வேற யாராவது போட்டுட்டு உட்காரட்டும்," என்றார் ஜெரோட்டிச். அவர் பார்வை யார் மேலும் படவில்லை. "யாராவது வரலாம். வரலைன்னா ரேஞ்சர் தன் வேலையைச் செய்யட்டும். பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு."

யாரும் அசையவில்லை. நாசேரியன் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினாள். மரத்தை நோக்கி ஓர் அடி வைத்தாள்.

டீக்கெட்டிலைத் தரையில் வைத்துவிட்டு கவிரா வந்தார்.

"கவிரா, உள்ள போ. உனக்குத் தலைவலி," என்றார் முகாம்பி.

கவிரா கணவரின் தலையிலிருந்து தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். அது அவர் நெற்றியில், அந்தப் புழுதிக்கோட்டின் மேலேயே அச்சாகப் போய் உட்கார்ந்தது. முட்டிண்டா தன் தலையில் தானே குட்டிக்கொண்டான். காலையிலிருந்து அந்தக் கோடு அவன் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. காக்கிக் கோட்டையும் கழற்றி வாங்கி அணிந்துகொண்டு, முகாம்பி விலகிப் போகும்வரை காத்திருந்து, கவிரா நாற்காலியில் உட்கார்ந்தார். ரொட்டியைக் கையில் எடுத்தார்.

சீஃப் திரும்பிப் பார்த்தது. கிளை கிளையாக இறங்கியது. மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்து, கொஞ்சம் யோசித்துவிட்டு, கையை நீட்டி ரொட்டியை வாங்கிக்கொண்டது. தின்றது. இன்னும் இருக்கிறதா என்று பார்த்தது.

வாசல் பக்கமிருந்து பராசாவின் குரல் வந்தது. "காலையில நான் பார்த்த சேர்மன் இவர்தான். அந்த நாற்காலியில இதே மாதிரிதான் உட்கார்ந்திருந்தார்."

கவிரா அவர் பக்கம் கையை ஆட்டினார்.

"கையாட்டினதும் இதே கைதான்," என்றார் பராசா.

"ஆம்பளைங்கதான் கல்லெறிவாங்கன்னு சீஃபுக்குத் தெரியும்," என்றார் ஜெரோட்டிச். "அதனால ஆம்பளை உட்கார்ந்த மேசைக்கு அவன் வரவே மாட்டான். காலையில மேசையைச் சுத்தி உட்கார்ந்து தின்னிருக்கான். அப்ப நாற்காலியில இருந்தது ஆம்பளை இல்ல."

"நான்தான் இருந்தேன்," என்றார் கவிரா. மெல்லிய குரல்தான், ஆனால் அந்தக் குரலை அதுவரை கேட்டிராத கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. "போட்டுட்டு உட்காருன்னு சொன்னார், உட்கார்ந்தேன். இந்தக் குரங்கு என்னைத் தொடக்கூட இல்ல. பசின்னு வந்துச்சு, குடுத்தேன். ஆட்டை அது எடுக்கல. ஆடு நேத்து ராத்திரியிலிருந்தே இங்க இல்ல. என் வீட்டுக்காரர் சொல்ற எத்தனையோ பொய்க்கு நான் டீ ஊத்தியிருக்கேன். அதுக்காக ஒரு உசுரு போறதை என்னால பார்க்க முடியாது."

முட்டிண்டா சட்டைப்பையிலிருந்து காகிதத்தைப் பிரித்து எலும்பை மேசையில் வைத்தான். அவன் நெருங்கியதும் சீஃப் மரத்துக்கு ஓடியது. எல்லாரும் வண்டிகளுக்குப் பின்னாலிருந்து வந்து சூழ்ந்தார்கள். முன்னால் நின்ற ஒருவர் எலும்பை எடுத்து முகர்ந்து, பக்கத்தவருக்குக் கொடுத்தார். எலும்பு வட்டமாகச் சுற்றி வந்தது.

"காப்பி," என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

"எங்க இருந்துச்சு இது?"

"லாட்ஜுல. சேர்மனோட ரூமுக்குக் கீழே," என்றான் முட்டிண்டா. "வெந்நீர் நல்லா வருதாம். மெத்தையும் பரவாயில்லையாம்."

முகாம்பியின் மழமழ முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அரசியலில் அடிபட்டு வளர்ந்தவர், சீக்கிரம் சுதாரித்துக்கொண்டார். "நீங்க எவ்வளவு விழிப்பா இருக்கீங்கன்னு சோதிக்கத்தான் இத்தனையும் ஏற்பாடு பண்ணினேன். எனக்குப் பெருமையா இருக்கு."

இந்தத் தடவை ஒருவரும் கை தட்டவில்லை. போன் செய்யும்படி ஜெரோட்டிச் அவரைப் பார்த்த பார்வையில், அவரே வார்டனை அழைத்து, குரங்கு விஷயத்தில் ஒரு சின்னத் தவறான புரிதல் நேர்ந்துவிட்டது என்று இழுத்தார். நாசேரியன் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மரத்தடியில் உட்கார்ந்து வெளிப்படையாக அழுதாள். மேலேயிருந்து சீஃப் அவளை வேடிக்கை பார்த்தது.

தேர்தல் பாக்கி இருந்தது. போட்டிக்கு யார் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டபோது, இவ்வளவு நேரம் வாயே திறக்காத ஒரு கிழவர், "கவிரா அம்மா," என்றார். "காலையெல்லாம் அவங்கதானே சேர்மனா இருந்தாங்க. குறை ஒண்ணும் தெரியலையே."

யாருக்கும் மறுக்கத் தோன்றவில்லை. கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. முகாம்பியும், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, கடைசியில் ஒரு கையைத் தூக்கினார். கவிரா தொப்பியைக் கழற்றவே இல்லை. வாட்டுவதற்கு ஆடு இல்லாததால் அவரே இடுக்கியை எடுத்து, நெருப்பில் சோளக்கதிர்களை அடுக்கினார். நெருப்பு கோபித்துக்கொள்ளவில்லை.

முட்டிண்டா ஒரு சூடான கதிரை மேடத்திடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தனக்கொன்று எடுக்கத் திரும்பினான். அவன் நகர்ந்ததும் மரத்தில் கிளை அசைந்தது. ஜெரோட்டிச் கதிரை இந்தத் தடவை ஒற்றைக் கையில் தளர்வாகவே பிடித்திருந்தார்.

"ஃபீஸ் நாமதான் குடுக்கறோமா மேடம்?"

"பின்ன? தொப்பிக்கும் கோட்டுக்கும் கீழே இருக்கிறது யாருன்னு இன்னிக்குச் சரியாப் பார்த்தது அவன் ஒருத்தன்தான்," என்றார் ஜெரோட்டிச். "பாவம், அவனுக்குத்தான் ஓட்டு இல்ல."